காயப்பட்ட நாடு எதிர்க் குரலைப் பொறுக்குமா?

ஓசூரிலிருந்து ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "போரையும் படுகொலையையும் கண்ட நாடுகளில் மாற்றுக் கருத்து சொல்பவரை ஏன் உடனே துரோகி என்கிறார்கள்? ஜெர்மனி மட்டும் எப்படி வேறு வழியில் போனது? ஒரு காயம் எத்தனை தலைமுறைக்கு ஒரு நாட்டை இப்படி ஆட்டிவைக்கும்?" மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் கிடப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. பெருந்துயரத்தை அனுபவித்த மக்கள் எதிர்க் குரலைப் பொறுக்காமல் போவது தவிர்க்க முடியாத விதியா, அல்லது துயரத்துக்குப் பிறகு எடுக்கப்படும் முடிவுகளின் விளைவா? விதி என்றால் யாரையும் குறை சொல்ல இடமில்லை. முடிவுகள் என்றால் குறை சொல்லலாம், மாற்றவும் முயலலாம். நான் இரண்டாவதன் பக்கம் நிற்கிறேன். ஆனால் முதலாவதிலும் உண்மை இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உளவியல் படித்தேன், தருமபுரியில் கல்லூரி மாணவர்களுக்கு நெடுங்காலம் சமூக உளவியல் பாடம் நடத்தினேன். இப்போதும் அரூர், பென்னாகரம் வட்டாரங்களில் வன்முறையைக் கண்ட குடும்பங்களைச் சந்தித்துப் பேசும் ஒரு சிறு குழுவில் இருக்கிறேன். ஆகவே பாதிக்கப்பட்டவர் எதைப் பேசுவார், எதைப் பேச மறுப்பார் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். வரலாறு என் துறை இல்லை. வெளிநாடுகளைப் படித்துத்தான் அறிந்திருக்கிறேன். அதோடு, தனி மனிதரின் மனத்தைப் பற்றி எங்கள் துறை சொல்வதை அப்படியே தூக்கி ஒரு நாட்டின் மேல் போர்த்திவிட முடியாது. நாட்டுக்கு மூளையும் கிடையாது, நரம்பும் கிடையாது. நாட்டுக்கு இருப்பவை சட்டம், பாடநூல், நினைவு நாள், நீதிமன்றம், செய்தித்தாள். ஒரு தலைமுறையின் காயம் இவற்றின் வழியாகத்தான் பெரும்பாலும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்கிறது. கீழே நான் சொல்வதையெல்லாம் இந்த எச்சரிக்கையோடு படியுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். அச்சம் கூடும்போது சகிப்பு குறைகிறது. அதுவும் வேகமாகக் குறைகிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த மூன்றாவது நாள், படைபலத்தைப் பயன்படுத்தும் அதிகாரத்தை அமெரிக்க அதிபருக்கு வழங்கும் தீர்மானம் பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. 420 பேர் ஆதரித்தார்கள். பார்பரா லீ என்ற ஒரே ஓர் உறுப்பினர் எதிர்த்து வாக்களித்தார். தாக்கியவர்களுக்காக அவர் ஒரு சொல்கூடப் பேசவில்லை. நிதானமாக யோசிப்போம், அளவற்ற அதிகாரத்தைத் தூக்கிக் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொன்னார். அதற்கே கொலை மிரட்டல்கள் வந்தன, போலீஸ் பாதுகாப்பு தேவைப்பட்டது. அடுத்த மாதம் புலனாய்வு அமைப்புகளின் அதிகாரத்தை விரிவாக்கும் 'பேட்ரியாட் சட்டம்' செனட்டுக்கு வந்தபோது அங்கேயும் எதிர்த்து வாக்களித்தவர் ஒருவர்தான், ரஸ் ஃபைன்கோல்ட். அந்த மாதங்களில் டேவிஸ், சில்வர் என்ற இரண்டு அரசியல் அறிஞர்கள் நாடு முழுவதும் கருத்துக் கணிப்பு நடத்தினார்கள். அச்சத்தை அதிகமாக உணர்ந்தவர்கள், பாதுகாப்புக்காக உரிமைகளை விட்டுக்கொடுக்க அதிகம் தயாராக இருந்தார்கள். வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளிலும் இந்தப் போக்கு திரும்பத் திரும்பத் தென்பட்டிருக்கிறது.

நம் நாட்டிலும் இதைப் பார்க்கலாம். 1962 மே மாதம் மாநிலங்களவையில் தன் முதல் உரையிலேயே அண்ணா திராவிட நாட்டுக்குச் சுயநிர்ணய உரிமை கேட்டார். உறுப்பினர்கள் குறுக்கிட்டார்கள், கோபப்பட்டார்கள். ஆனால் அவரால் பேசி முடிக்க முடிந்தது. அக்டோபரில் சீனப் போர் மூண்டது. தி.மு.க. கோரிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டு நாட்டின் போர் முயற்சிக்கு ஆதரவு தந்தது. சீன வம்சாவளியைச் சேர்ந்த சுமார் 3,000 பேர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். 1963 அக்டோபரில் அரசியல் சட்டத்தின் பதினாறாவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காக்கப் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தலாம், தேர்தலில் நிற்பவர் அவற்றைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று அது சொன்னது. ஒன்றரை ஆண்டுக்கு முன் நாடாளுமன்றத்தில் பேச முடிந்த ஒன்று தேர்தல் மேடையில் சொல்ல முடியாததாகிவிட்டது. இதை முழுக்கப் போரின் கணக்கில் எழுதிவிடுவதும் நேர்மையாக இருக்காது. திருத்தத்தைப் பரிந்துரைத்த சி.பி. ராமசாமி ஐயர் குழு போருக்கு முன்பே அமைக்கப்பட்டது. அதற்கும் பின்னால் 1947 பிரிவினையின் ரத்த நினைவு இருந்தது. போர் வராவிட்டாலும் அந்தக் கதவு சாத்தப்பட்டிருக்கலாம். போர் அதை வேகமாகச் சாத்தியது என்பது என் கணிப்பு மட்டுமே.

பார்பரா லீயும் அண்ணாவும் எதிரி நாட்டுக்காரர்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் முதல் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. சகிப்பின்மையின் முதல் அடி பெரும்பாலும் சொந்தக்காரர் மேல்தான் விழுகிறது. ஓசூரில் இருப்பவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை மத்திய அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். குடும்பம் குடும்பமாக அத்திப்பள்ளியைக் கடந்து நம் பக்கம் வந்து சேர்ந்தார்கள். 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டு பஸ்கள் கொளுத்தப்பட்டன. ஜூஜூவாடியில் இறங்கி மூட்டை முடிச்சுகளோடு நடந்து எல்லையைக் கடந்தவர்களை உங்கள் ஊரே பார்த்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் ஓசூர். சாதாரண நாளில் டீக்கடையில் ஒருவர் "மாண்டியா விவசாயிக்கும் தண்ணீர் வேண்டும்தானே" என்று சொன்னால் நாலு பேர் மறுத்து வாதம் செய்வார்கள், அதோடு முடிந்தது. பஸ் எரிந்த வாரத்தில் அதே மனிதர் அதைச் சொன்னால் மறுப்பு வராது, "நீ எந்த ஊர்க்காரன்?" என்ற கேள்விதான் வரும். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் பாத்தியதையைப் பேசும் கன்னடருக்கும் இதே கேள்விதான்.

ஏன் இப்படி? எதிரி எதிர்த்துப் பேசுவது எதிர்பார்த்ததுதான். அது யாரையும் குலைப்பதில்லை. அடிபட்டவர்களுக்குக் கடைசியாக மிஞ்சும் ஒரே ஆறுதல், நடந்தது என்ன என்பதில் நாம் எல்லோரும் ஒன்று என்ற நினைப்பு. நம்மில் ஒருவர் வேறு மாதிரிப் பேசும்போது அந்த ஆறுதலும் போய்விடுகிறது. சாவு வீட்டில் உட்கார்ந்து கடன் கணக்குக் கேட்பவரை யாரும் மன்னிப்பதில்லை, அவர் சொல்லும் கணக்கு சரியாகவே இருந்தாலும். ஆனால் வீட்டுக்குக் கருமாதி என்று ஒரு நாள் உண்டு. அது முடிந்த பிறகு பங்காளிகள் கூடிக் கணக்குப் பேசலாம், சண்டையும் போடலாம். நாடுகளுக்கு அப்படி நாள் குறித்துக் கொடுப்பவர் இல்லை. துக்கம் இன்னும் முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பதில் ஆதாயம் உள்ளவர்கள் ஆட்சியில் இருந்தால் அந்த நாள் தள்ளிக்கொண்டே போகும்.

நமக்கு மிக நெருக்கமான சான்று இலங்கை. நம் மாவட்டங்களிலும் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. 1983 ஐப் பற்றி அங்கே இருக்கும் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஜூலையில் தமிழர்கள் வேட்டையாடப்பட்டார்கள். அடுத்த மாதமே இலங்கை நாடாளுமன்றம் ஆறாவது அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றி, தனி நாடு என்ற கருத்தை அமைதியான வழியில் ஆதரிப்பதையும் குற்றமாக்கியது. உறுதிமொழி எடுக்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் நாடாளுமன்ற இடங்களை இழந்தார்கள். வாதம் நடக்க வேண்டிய இடத்திலிருந்து வாதம் துரத்தப்பட்டது. இதைச் சொல்வது நமக்கு எளிது. தமிழர் பக்கத்திலும் அதே குறுகல் நடந்தது என்பதைச் சொல்வது கடினம், ஆனால் சொல்லாவிட்டால் இந்தப் பதிலுக்கே அர்த்தமில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி திராணகம, இலங்கை ராணுவத்தின் கொடுமைகளையும் இந்திய அமைதிப் படையின் கொடுமைகளையும் இயக்கங்களின் கொடுமைகளையும் ஒரே அளவுகோலால் அளந்து பதிவு செய்தார். 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அவரோடு பணியாற்றியவர்கள் புலிகளையே குற்றம் சாட்டினார்கள். அவர் தமிழர்களின் துயரத்தை மறுத்தவரே அல்லர், அதை ஆவணப்படுத்தியவர். ஒடுக்கப்பட்ட மக்கள் கூட்டம் தன் வலியைப் பதிவு செய்தவரையே இழந்தது. இதை எழுதும்போது எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது.

இதுவரை படித்தால் காயம் சகிப்பின்மையில்தான் போய் முடியும் என்று தோன்றும். அப்படி இல்லை என்பதற்கும் வலுவான சான்றுகள் உண்டு. உகாண்டாவில் கிளர்ச்சிப் படையினரால் சிறுவயதில் கடத்தப்பட்டுத் திரும்பி வந்த இளைஞர்களை கிறிஸ்டோபர் பிளாட்மன் ஆராய்ந்தார். கடத்தப்படாதவர்களைவிட அவர்கள் அதிகமாக வாக்களித்தார்கள், ஊர்ப் பொறுப்புகளை ஏற்றார்கள். சியரா லியோனில் உள்நாட்டுப் போரில் நேரடியாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் ஊர்க்கூட்டங்களுக்கு அதிகமாக வந்தன. இத்தகைய பல ஆய்வுகளை 2016 இல் தொகுத்துப் பார்த்தவர்கள் ஒரு முக்கியமான நிபந்தனையையும் சேர்த்தார்கள்: கூடிய ஒத்துழைப்பு முதன்மையாகத் தன் கூட்டத்தாரோடுதான், வெளியாரிடமும் அது நீளுமா என்பதில் சான்றுகள் தெளிவாக இல்லை. உள்ளே நெருக்கம் கூடுவதும் வெளியே கதவு சாத்தப்படுவதும் ஒன்றாகவே நடக்கலாம்.

அடித்தவர் யார் என்பதும் கணக்கில் வருகிறது. மேலே சொன்ன அமெரிக்கக் கருத்துக் கணிப்பிலேயே, பாதுகாப்புக்காக உரிமைகளை விட்டுத்தர மற்றவர்களைவிட அதிகமாகத் தயங்கியவர்கள் கறுப்பின அமெரிக்கர்கள். அரசின் கையாலேயே அடிபட்ட வரலாறு உள்ளவர்களுக்கு, அந்தக் கையில் இன்னொரு கம்பைக் கொடுப்பது எங்கே போய் முடியும் என்று தெரியும். நம் நெருக்கடி நிலையும் அப்படித்தான். 1975 முதல் 1977 வரை நாடு பட்ட அடி வெளியிலிருந்து வந்ததல்ல. அதன் விளைவாக 1978 இல் வந்த நாற்பத்து நான்காவது திருத்தம் உரிமைகளுக்குப் பாதுகாப்பைக் கூட்டியது: நெருக்கடி நிலையை அறிவிக்க 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற காரணத்தை நீக்கி 'ஆயுதக் கிளர்ச்சி' என்று வைத்தது, உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான உரிமையை நெருக்கடி நிலையிலும் முடக்க முடியாது என்றது. வெளியார் அடித்தால் மக்கள் அரசின் பின்னால் ஒதுங்குகிறார்கள். அரசு அடித்தால் உரிமையின் பின்னால் ஒதுங்குகிறார்கள். விதிவிலக்குகள் நிறைய உண்டு என்றாலும், பொதுப்போக்கு இதுதான் என்று நினைக்கிறேன்.

இனி ஜெர்மனி. அதை நாம் உதாரணமாக எடுக்கும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். அங்கே சுமக்கப்படும் நினைவு முதன்மையாகக் குற்றம் செய்த பக்கத்தின் நினைவு. யூதர்களும் ரோமா மக்களும் பட்டதை ஜெர்மனியின் காயம் என்று சொல்ல முடியாது. ஆகவே அடிபட்ட மக்களிடம் போய் "ஜெர்மனியைப் பாருங்கள்" என்று சொல்வது அநியாயம். அடித்தவர்களிடம்தான் அதைச் சொல்ல வேண்டும். அதுவும் உடனே நடந்துவிடவில்லை. ஐம்பதுகளில் மேற்கு ஜெர்மனி 1952 இல் ஒரு நாஜி வாரிசுக் கட்சியையும் 1956 இல் கம்யூனிஸ்ட் கட்சியையும் தடை செய்தது. வீடுகளிலோ நாஜி ஆட்சியின் பன்னிரண்டு ஆண்டுகளைப் பற்றிப் பேச்சே எழவில்லை. 1963 முதல் 1965 வரை பிராங்க்பர்ட்டில் நடந்த அவுஷ்விட்ஸ் கொலைமுகாம் வழக்கில் சாட்சிகள் வந்து நின்ற பிறகுதான் பிள்ளைகள் அப்பாக்களைக் கேள்வி கேட்கத் துணிந்தார்கள். 1970 டிசம்பரில் பிரதமர் வில்லி பிராண்ட் வார்சாவில் யூத எழுச்சி நினைவுச் சின்னத்தின் முன் மண்டியிட்டார். இன்று உலகமே போற்றும் அந்தச் செயலை அன்று ஒரு ஜெர்மன் வார இதழின் கணிப்பில் 48 சதவீதம் பேர் மிகை என்றார்கள். 41 சதவீதம் பேரே பொருத்தமானது என்றார்கள். அந்த 48 சதவீதத்தின் வாயை யாரும் அடைக்கவில்லை. அவர்களோடு பல ஆண்டுகள் வாதம் செய்தார்கள். என் பார்வையில் ஜெர்மனியின் சிறப்பு அதுதான்.

அங்கேயும் எல்லாம் பேசிவிட முடியாது. நாஜிகளின் யூத இனப்படுகொலையை மறுப்பது ஜெர்மனியில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 1994 இல் சட்டம் இதை வெளிப்படையாகவே எழுதியது. கருத்துச் சுதந்திரத்தை நேசிப்பவர்களிடையே இதில் நேர்மையான கருத்து வேறுபாடு உண்டு. நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்ட நிகழ்வை இல்லை என்பதைத் தடுப்பது ஒன்று, அந்த நிகழ்வுக்கு என்ன பொருள் என்பதில் மாறுபடுவதைத் தடுப்பது வேறொன்று என்று நான் பிரித்துப் பார்க்கிறேன். முன்னதை என்னால் ஏற்க முடிகிறது. பின்னதை ஏற்க முடியவில்லை. இந்தக் கோடு அழிந்தால் என்ன ஆகும் என்பதை ருவாண்டாவில் காணலாம். 1994 இல் சுமார் நூறு நாட்களில் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர், பெரும்பாலும் துட்சி என்ற சிறுபான்மை இனத்தவர், கொல்லப்பட்ட நாடு அது. வானொலியில் பேசிய பேச்சே அங்கே கொலைக்கு வழிகாட்டியது. ஆகவே பேச்சைக் கண்டு அவர்கள் அஞ்சுவதை யாரும் எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் 2008 இல் கொண்டுவந்த இனப்படுகொலைச் சித்தாந்தத் தடைச் சட்டம் மிகத் தளர்வான சொற்களில் எழுதப்பட்டிருந்தது. எதிர்க்கட்சித் தலைவர் விக்டோயர் இங்காபிரே 2010 இல் நாடு திரும்பி, நினைவகத்தில் நின்று, பெரும்பான்மை ஹூட்டு இனத்தில் கொல்லப்பட்டவர்களையும் நினைக்க வேண்டும் என்றார். கைது செய்யப்பட்டார், 2013 இல் உச்ச நீதிமன்றம் அவருடைய சிறைத் தண்டனையைப் பதினைந்து ஆண்டுகளாக உயர்த்தியது. அவருடைய கருத்துரிமை மீறப்பட்டது என்று 2017 இல் மனித உரிமைகளுக்கான ஆப்பிரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018 இல் அதிபரின் மன்னிப்பால் வெளியே வந்தார். அவர் பேசியதில் எனக்கு உடன்பாடு இல்லாத பகுதிகள் உண்டு. அதற்குச் சிறை பதில் ஆகாது.

நடந்தது நடந்தது என்று அதிகாரத்தில் இருப்பவர் ஒப்புக்கொண்ட பிறகுதான், அடிபட்டவர்களால் தங்களுக்குள் கருத்து வேறுபட முடிகிறது. இதை நான் நம் மாவட்டத்தில் கற்றேன். 1992 ஜூன் 20 அன்று சந்தன மரக் கடத்தலைப் பிடிக்கப் போகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அரூர் வட்டம் வாச்சாத்திக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, ஊரார் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது அரசுத் தரப்பு. 1995 இல் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்ததால் 215 பேருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

அந்த மலையடிவார ஊர்கள் பலவற்றில் தீர்ப்புக்கு முன்பும் பின்பும் மக்களோடு பேசியிருக்கிறேன். முன்பெல்லாம் சில பேச்சுகளை யாரும் எடுக்கவே மாட்டார்கள். நம் ஊர்ப் பையன்களில் யாராவது கூலிக்கு மரம் சுமந்தார்களா, தரகர்கள் யார், வழக்கை நடத்திய விதம் சரியா என்று ஒருவர் வாயைத் திறந்தால், "அதைச் சொல்லி அவர்கள் பக்கம் நியாயம் கற்பிக்கப் போகிறாயா?" என்று பெரியவர்கள் அடக்கிவிடுவார்கள். அவர்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு முழுக் கொடுமையையும் மறைத்துவிடக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். தீர்ப்புக்குப் பிறகு இதே பேச்சுகள் மெல்ல மெல்ல எழுந்தன. இழப்பீட்டைப் பற்றி, போராட்டத்தில் முன்னால் நின்றவர்களைப் பற்றி, தங்களுக்குள் வெளிப்படையாகவே மாறுபட்டார்கள். ஆனால் இதை நான் ஆய்வாகச் செய்யவில்லை, எண்ணிப் பார்க்கவில்லை. காலம் கடந்ததும் புதிய தலைமுறை வந்ததும்கூடக் காரணமாக இருக்கலாம். தீர்ப்பே முதன்மைக் காரணம் என்பது என் நம்பிக்கை. நிரூபணம் என்று சொல்லமாட்டேன்.

உண்மையான காயம் வேறு, காயம் என்று கொடி பிடிக்கப்படுவது வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். இனக்குழுக்கள் ஒரு பழைய தோல்வியைத் தங்கள் அடையாளமாகவே தேர்ந்துகொள்வதுண்டு என்று வாமிக் வோல்கன் என்ற உளமருத்துவர் எழுதினார். செர்பியர்கள் 1389 கொசோவோப் போரை நினைவுகூர்ந்து, அதன் அறுநூறாவது ஆண்டான 1989 இல் செர்பியத் தலைவர் மிலோசெவிச்சின் முன் பெருந்திரளாகக் கூடியது அவர் தரும் சான்று. அடுத்த பத்தாண்டில் யூகோஸ்லாவியா போர்களில் சிதறியது தெரிந்ததே. நம் பக்கத்திலும் இதைக் கண்டோம். 2012 நவம்பர் 7 அன்று, ஒரு கலப்புத் திருமணத்தையும் பெண்ணின் தந்தையின் மரணத்தையும் தொடர்ந்து, நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 250 க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. வீட்டை இழந்தவர்களின் காயம் கண்முன் இருந்தது. கொளுத்திய தரப்போ "எங்கள் மானம் காயப்பட்டது" என்றது. அந்தத் தரப்பிலும் "இது தவறு" என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். சிலர் என்னிடம் தனியே சொன்னார்கள். ஊரில் சொல்ல அவர்களால் முடியவில்லை. காயத்தின் பெயரில் ஒரு கோரிக்கை எழுந்தால், முதலில் யாருடைய வீடு எரிந்தது என்று நான் பார்ப்பது இதனால்தான்.

இனி ஐயத்துக்கு உரியவை. மரணத்தை நினைவூட்டினால் மனிதர்கள் மாற்றாரிடம் கடுமையாகிறார்கள் என்பதற்கு ஆய்வகச் சோதனைகள் நிறையக் காட்டப்படும். 1989 இல் வெளியான ஒன்று புகழ்பெற்றது: தம் மரணத்தைப் பற்றி எழுதச் சொல்லப்பட்ட அமெரிக்க நீதிபதிகள், ஒரு பாலியல் தொழில் வழக்கில் ஜாமீன் தொகையைச் சராசரி 455 டாலராக வைத்தார்கள்; எழுதாதவர்கள் 50 டாலர். நானும் வகுப்பில் சொல்லி வந்ததுதான். ஆனால் இந்த வகைச் சோதனைகளில் ஒன்றைப் பின்னாளில் பல ஆய்வகங்கள் சேர்ந்து பெரிய அளவில் திரும்பச் செய்தபோது எதிர்பார்த்த விளைவு கிடைக்கவில்லை. ஆகவே அதை அடித்தளமாக வைத்துக் கட்டிடம் எழுப்ப வேண்டாம். தாத்தாவின் அதிர்ச்சி மரபணுக்களின் இயக்கம் வழியாகப் பேரனுக்கு இறங்கி அவனைச் சகிப்பற்றவனாக்கும் என்று இப்போது பரவும் பேச்சும் அப்படியே. விலங்குகளிடம் செய்த சோதனைகளையும் மிகச் சிறிய மனித ஆய்வுகளையும் வைத்து அரசியல் மனப்பான்மை வரை நீட்டுவதற்கு இன்று ஆதாரம் இல்லை. வீட்டுப் பேச்சு, வீட்டு மௌனம், பள்ளிப் பாடம் ஆகியவற்றின் வழியாக இறங்குகிறது என்பது நம்பத் தகுந்தது. நானே குடும்பங்களில் பார்ப்பது.

கடைசியாக, எத்தனை தலைமுறை என்று கேட்டீர்கள். 1942 இல் அமெரிக்கா சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது. மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் தரச் சட்டம் இயற்றியது 1988 இல். ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் 1939 இல் முடிந்தது. 1977 பொது மன்னிப்புச் சட்டம் எல்லாவற்றையும் மூடியது. 2007 இல் நினைவுச் சட்டம் வந்தபோதும் 2022 இல் இன்னொன்று வந்தபோதும் கட்சிகள் பிளந்து நின்றன. அர்ஜென்டினாவிலோ 1983 இல் ராணுவ ஆட்சி விழுந்தது. 1984 இல் காணாமல் போனவர்களைப் பற்றிய ஆணைய அறிக்கை, 1985 இல் தளபதிகள் மீது வழக்கு. பால்க்லாந்து தீவுப் போரில் தோற்று ராணுவம் மதிப்பிழந்திருந்ததால் இவ்வளவு விரைவாக முடிந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ராணுவத்தின் நெருக்குதலால் வழக்குகளை நிறுத்தும் சட்டங்கள் வந்தன. அவற்றை ரத்து செய்ய 2003 வரை ஆயிற்று. குற்றம் செய்தவர்களும் அவர்களைக் காத்தவர்களும் அதிகாரத்தில் எவ்வளவு காலம் நீடிக்கிறார்கள் என்பதே இவற்றில் எனக்குத் தெரியும் பொது இழை. அதைத் தலைமுறைக் கணக்காக மாற்றி உங்களுக்கு ஓர் எண் தர என்னால் முடியாது. வேறு யாராவது எண் தந்தாலும் எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.